மதில் விழும் காட்சிக்கு நாலு டேக்

மார்ச் 3, திங்கள்
பிரஷர் 142/90

டாக்டர் தினமும் பிரஷர் பார்த்து எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார். நோட்டு வாங்கக் கடைக்குப் போகச் சோம்பல். நகைக்கடைக்காரன் தை மாதம் கொடுத்த இந்த டைரியை எடுத்தேன். பிரஷரை மட்டும் எழுதினால் முக்கால் பக்கம் சும்மா கிடக்கிறது. இருபத்தாறு வருஷமாக அடுத்தவன் வாய்க்கு வசனம் எழுதிப் பிழைக்கிற எனக்குக் காலிப் பக்கத்தைக் கண்டால் கை அரிக்கும்.

புதுப் படம் வந்திருக்கிறது. சீனப் படம். டப்பிங் கம்பெனி முதலாளி நாச்சியப்பன் சார் போன் செய்து, "நாயகம், சரித்திரம், மந்திரம், காதல் எல்லாம் கலந்து ஒரு படம் வந்திருக்குய்யா. மூணு காலத்துல நடக்குது. மாசக் கடைசிக்குள்ள முடிக்கணும்" என்றார். எனக்குச் சீன மொழியில் ஒரு எழுத்து தெரியாது. சீனத்தை யாரோ ஆங்கிலத்தில் கொன்று அனுப்புவார்கள். நான் அதற்குத் தமிழில் காரியம் செய்வேன். இதுதான் தொழில்.

கதை இது. பழைய தலைநகரம் ஒன்றில் லியன் என்று ஒரு மருத்துவச்சி. வெய் என்று ஒரு தளபதி. இரண்டு பேருக்கும் காதல். சாகக் கிடக்கும் அவனைப் பிழைக்க வைக்க, ராஜாவுக்கு வைத்திருந்த சாகா மருந்தைத் திருடி ஒரு சொட்டை அவனுக்குக் கொடுக்கிறாள். சபையில் நிறுத்தி விசாரிக்கும்போது இந்த மகாவீரன், "இவளை எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிடுகிறான். மிச்ச மருந்தை அவளே குடித்துவிடுகிறாள். அடுத்த மாதம் எதிரிகள் மதிலை உடைக்கிறார்கள், அவன் செத்துப்போகிறான். அவள் தொள்ளாயிரம் வருஷம் காத்திருக்கிறாள். ஷாங்காயில் கடிகாரம் ரிப்பேர் செய்பவனாகப் பிறந்து வருகிறான். அவளை அடையாளம் தெரியவில்லை. மறுபடி சாகிறான். இந்தக் காலத்தில் லிஃப்ட் மெக்கானிக்காகப் பிறந்து வருகிறான், இப்போதும் தெரியவில்லை. தொள்ளாயிரம் வருஷத்தில் அவளுக்கு ஒரு நரைமுடி கிடையாது. அவனுக்கு ஒரு சொட்டு மூளை கிடையாது.

என் மனைவி தில்லை வீட்டில் இல்லை. நவம்பரிலிருந்து வளசரவாக்கத்தில் அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள். காரணம், கேஸ் சிலிண்டர். புக் பண்ணச் சொன்னாள், மறந்துவிட்டேன். யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன்.

மார்ச் 4, செவ்வாய்
138/88

தலைப்பு முடிவாகிவிட்டது: 'டிராகன் தேசத்து தேவதை'.

"சார், படத்துல டிராகனே இல்லையே."

"சீனப் படம்னா டிராகன் இல்லாம எப்படிய்யா? போஸ்டர்ல ஒண்ணு போட்டுக்கலாம்."

மத்தியானம் ரசம் வைத்தேன். ரசம் என்று சொல்வது என் பெருந்தன்மை.

மார்ச் 6, வியாழன்
158/96

படத்தை வாங்கியிருக்கும் சிங்கப்பூர்க் கம்பெனி ஒரு நிபந்தனை போட்டிருக்கிறது. மூன்று காலத்திலும் லியனுக்கு ஒரே குரல் வேண்டும். பத்தொன்பது வயதுக் குமரியும் அவள்தான், தொள்ளாயிரம் வருஷம் பார்த்துச் சலித்தவளும் அவள்தான். ஐந்து பேர் குரலைப் பதிவு செய்து, பெயர் போடாமல் நம்பர் மட்டும் போட்டு அனுப்பச் சொன்னார்கள். ஸ்டூடியோ இன்ஜினியர் ஜெரால்டு ஐந்தையும் எனக்கும் அனுப்பி, எது தேவலை என்று கேட்டான்.

ஒன்றாம் நம்பர் பள்ளிக்கூட ஆண்டுவிழா. இரண்டும் மூன்றும் சீரியல் மருமகள்கள். ஐந்தாம் நம்பருக்குச் சளி. நாலாம் நம்பர் பரவாயில்லை. மூச்சு விட வேண்டிய இடத்தில் மூச்சு விடுகிறாள். 'போ' என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு ஒரு கணம் நிறுத்துகிறாள், அதிலேயே எல்லாம் வந்துவிடுகிறது. யாரோ தெரியவில்லை. பதினொரு தடவை கேட்டும் தெரியவில்லை.

மார்ச் 8, சனி
164/98

நாலாம் நம்பரையே தேர்ந்தெடுத்துவிட்டார்கள். நாலாம் நம்பர் தில்லைநாயகியாம். ஜெரால்டுதான் அவளைக் கேட்டு வாங்கிச் சேர்த்தானாம். எனக்கு எப்படித் தெரியும்?

நாச்சியப்பன் சார் போனில் கொஞ்சம் தயங்கினார். "நாயகம், தில்லை ஒத்துக்கிச்சு. ஆனா ரெண்டு கண்டிஷன். அது பேசறப்போ எழுத்தாளர் ஸ்டூடியோ பக்கம் வரக் கூடாதாம்."

"அதாவது நான்."

"எழுத்தாளர்னுதான் சொல்லிச்சு. பேரெல்லாம் சொல்லலை."

"ரெண்டாவது?"

"இருபத்தி ஒம்போதாம் தேதி அது மலேசியா போகுது. அங்க ஒரு தமிழ் ரேடியோவுல ரெண்டு வருஷத்துக்கு வேலையாம். அதுக்குள்ள முடிச்சிரணும். ஏன், உனக்குத் தெரியாதா?"

தெரியும் சார் என்றேன். புருஷனுக்குத் தெரியாமல் இருக்குமா?

இன்று எட்டாம் தேதி. இருபத்தோரு நாள் இருக்கிறது. அவள் விமானம் ஏறுவதற்குள் அவளிடம் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இந்த ஜன்மத்தில் சொன்ன மாதிரிதான். என்ன சொல்ல வேண்டும் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. இது பிரஷர் நோட்டு.

மார்ச் 10, திங்கள்
150/92

சிலிண்டர் புக் செய்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

மார்ச் 12, புதன்
144/90

வேலை ஓடுகிறது. நான் எழுதிய தாள்கள் காலையில் ஸ்டூடியோவுக்குப் போகும். ஆண் குரல் முதலில் பதிவாகும். வெய்க்குப் பேசுகிறவன் சகாயராஜ். அவன் பேசி முடித்த பிறகு, சாயங்காலமோ மறுநாளோ தில்லை வந்து அவன் குரலை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே தன் பாகத்தைப் பேசுவாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கக்கூட மாட்டார்கள். திரையில் தொள்ளாயிரம் வருஷக் காதல். ஸ்டூடியோவில் இவன் காலை ஷிஃப்ட், அவள் மாலை ஷிஃப்ட்.

பேசும்போது திருத்தியதைப் பென்சிலில் குறித்து, ஜெரால்டு வீட்டுக்குப் போகிற வழியில் தாள்களை என்னிடம் கொடுத்துவிட்டுப் போகிறான். இன்றைக்கு முதல் கட்டு வந்தது.

சாதாரண ஜனங்களுக்கு ஒன்று தெரியாது. டப்பிங்கில் அர்த்தத்தைவிட உதடு முக்கியம். சீனக்காரி வாய் மூடுகிற இடத்தில் நமக்கு ப, ம, வ ஏதாவது ஒன்று வந்தாக வேண்டும். "உன்னை என் எலும்பில் எழுதி வைத்திருக்கிறேன்" என்று மூலத்தில் ஒரு வரி. அதன் கடைசியில் அவள் உதடு இரண்டு முறை ஒட்டுகிறது. வேறு வழியில்லாமல் "மாமா" என்று முடித்திருந்தேன். பழைய சீனத்து மருத்துவச்சி தளபதியை மாமா என்று கூப்பிடுவது இப்படித்தான்.

தில்லை அதை அடித்துவிட்டு "மனமே" என்று போட்டிருக்கிறாள். பக்கத்தில் பென்சிலில்: 'லியன் இவனை மாமா என்று கூப்பிட மாட்டாள். அந்த அளவுக்கு இன்னும் ஆகவில்லை.'

அதே கையெழுத்து. ல-வுக்கு வாலை நீட்டுகிற பழக்கம் போகவில்லை. பால் பொங்கி அடுப்பு பூராவும் வழிந்துவிட்டது, அதைத் துடைக்கவே அரை மணி நேரம்.

மார்ச் 13, வியாழன்
146/90

எங்கள் தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு. பாத்திரம் முதுகைக் காட்டி நின்றால் உதடு தெரியாது. அங்கே என்ன வேண்டுமானாலும் பேசலாம், கேட்பார் கிடையாது. கதையில் விட்டுப்போனதை எல்லாம் முதுகுக் காட்சியில் திணித்து அரைகுறைப் படங்களை நான் கரையேற்றியிருக்கிறேன்.

இந்தப் படத்து வெய் அதிக நேரம் முதுகைத்தான் காட்டுகிறான். ஷாங்காய் காட்சியில் கடிகாரத்தை உயர்த்திப் பார்த்துக்கொண்டு திரும்பி நிற்கிறான். ஒன்பது விநாடி. மூலத்தில் மௌனம். நான் ஒரு வரி எழுதினேன்: "ஏதோ ஒரு பிறவியில் உன்னிடம் தவறு செய்துவிட்டேன் போலிருக்கிறது. மன்னித்துவிடு."

கதைக்கு வலு வேண்டும் என்பதற்காக எழுதினேன்.

மார்ச் 15, சனி
152/94

தாள் வந்தது. சகாயராஜ் அந்த வரியை நன்றாகப் பேசியிருக்கிறான் என்று ஜெரால்டு சொன்னான். அது தில்லையின் காதுக்குப் போயிருக்கிறது. வரியின் பக்கத்தில் பென்சில்: 'இந்த ஆள் எதற்கு மன்னிப்புக் கேட்கிறான் என்று தெளிவாக இல்லை.'

தெளிவாக இல்லையாம்! கடிகாரக்காரனுக்குப் போன பிறவி எப்படித் தெளிவாக இருக்கும்?

மார்ச் 17, திங்கள்
156/94

லிஃப்ட் மெக்கானிக் காலத்துக்கு வந்துவிட்டோம். இங்கேயும் ஒரு முதுகு. பதினாலு விநாடி! லிஃப்டின் இரும்புப் பெட்டியைத் திறந்து ஒயரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான், பின்னால் லியன். இந்தத் தடவை தெளிவாகவே எழுதினேன்: "அன்றைக்கு நடந்ததற்கு நான் வருந்தாத நாள் இல்லை. நடந்திருக்கக் கூடாது. நடந்துவிட்டது. என்னை மன்னித்துவிடு."

ஜெரால்டு ராத்திரியே தாளைக் கொண்டுவந்தான்.

பென்சில்: 'நடந்ததா, செய்ததா?'

அதற்குக் கீழே அடிக்கோடு. பென்சில் முனை உடைந்த தடம்.

மார்ச் 18, செவ்வாய்
161/97

நாச்சியப்பன் சார் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்தார்.

"யோவ், ஒரிஜினல்ல அந்த மெக்கானிக் என்ன சொல்றான் தெரியுமா? 'லிஃப்ட் சரியாயிடுச்சு மேடம்'ங்கறான். நீ பதினாலு செகண்ட் அவனை அழ விட்டிருக்க! அவனுக்கு எதுவும் ஞாபகமே இல்லைங்கறதுதானேய்யா கதை? ஞாபகம் இல்லாதவன் எதுக்குய்யா மன்னிப்புக் கேக்கறான்?"

"உணர்ச்சி கொஞ்சம் கம்மியா இருந்துச்சு சார், அதான்."

"உணர்ச்சியெல்லாம் சிங்கப்பூர்ல செக் பண்ணுவான். ஒழுங்கா இருக்கறதை எழுது."

இரண்டு வரியும் போய்விட்டது. லிஃப்ட் சரியாகிவிட்டது.

மார்ச் 20, வியாழன்
168/100

இந்த நோட்டைப் பார்க்கப்போவது டாக்டர் ஒருத்தர்தான். அவருக்கு நம்பர் போதும், மிச்சத்தைப் படிக்க மாட்டார். ஆகவே எழுதுகிறேன்.

சிலிண்டர் இல்லை.

போன அக்டோபர். ஒரு கொரியப் படம். தில்லை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் நிற்கிறாள், நானும் நாச்சியப்பன் சாரும் இந்தப் பக்கம். ஜெரால்டு டீ குடிக்கப் போயிருந்தான். இங்கே பேசுவது அந்தப் பக்கம் கேட்காது. கன்சோலில் ஒரு பொத்தானை அழுத்தினால் மட்டும் அவள் ஹெட்போனில் கேட்கும்.

சார் கேட்டார்: "ஏன் நாயகம், தில்லை குரல் இன்னும் ஹீரோயினுக்குத் தாங்குமா? மார்க்கெட்ல சின்னப் பொண்ணுங்க நிறைய வந்திருக்கு."

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தாங்காது சார். குரல்ல கிழடு தட்டிருச்சு. நாலு வருஷமா நான்தான் எழுத்துல மறைச்சுச் சமாளிக்கறேன். இனிமே மாமியார், ஆயா அந்த மாதிரி குடுங்க."

சொல்லிவிட்டு என் ஃபைலை எடுத்தேன். ஃபைல் அதுவரை அந்தப் பொத்தான் மேல் உட்கார்ந்திருந்தது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஃபைலை எடுத்ததும் அணைந்தது. சார் கவனிக்கவில்லை.

நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவள் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெட்போன் காதில்தான் இருந்தது. ஜெரால்டு வந்ததும் மிச்சம் இருந்த இரண்டு காட்சியைப் பேசினாள். கல்லூரிக்குப் போகும் பெண் முதல் தடவை காதலைச் சொல்லும் காட்சி. ஒரே டேக்கில் ஓகே. வெளியே வந்து, "கெளம்பலாமா?" என்றாள். பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். தோசை சுட்டுப் போட்டாள். எனக்கு நாலு, அவளுக்கு ஒன்று.

அப்புறம் மூன்று வாரம் நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஒருவேளை ஹெட்போன் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நவம்பர் பதினொன்றாம் தேதி சிலிண்டர் தீர்ந்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நிம்மதியாக இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. சண்டைக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டதே என்று நிம்மதி.

கிழடு தட்டியது என்பது பொய். எனக்குத் தெரிந்தே சொன்ன பொய்.

மார்ச் 22, சனி
155/95

கத்தரிக்காய் வாங்க வளசரவாக்கம் வரை போனேன். எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே மார்க்கெட் இருக்கிறது, ஆனால் அங்கே கத்தரிக்காய் நன்றாக இருக்காது. வாங்கும்போது தற்செயலாக அவள் அக்கா வீடு கண்ணில் பட்டது. மூன்றாவது மாடி பால்கனியில் புதுப் பெட்டி ஒன்று வாயைத் திறந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. நீலக் கலர். பெரியது. இரண்டு வருஷத்துக்கான துணி தாராளமாகப் பிடிக்கும்.

எதிர்ப் பக்கம் இளநீர்க் கடையில் இரண்டு இளநீர் குடித்தேன். பால்கனிக்கு யாரும் வரவில்லை. கத்தரிக்காயை இளநீர்க் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 25, செவ்வாய்
150/92

தில்லை எல்லா ரீலையும் முடித்துவிட்டாள். ஜெரால்டு கடைசி ரீலைக் கேட்கச் சொல்லி அனுப்பினான். உதடு சரியாக இருக்கிறதா பார்க்க வேண்டியது என் வேலை, ஆகவே கேட்டேன்.

கடைசிக் காட்சியில் லியன் அந்த மெக்கானிக்கிடம் தான் யார் என்று சொல்வதில்லை. "நாலாவது மாடி" என்கிறாள். அவன் பொத்தானை அழுத்துகிறான். கதவு மூடுகிறது. இதற்காகவா தொள்ளாயிரம் வருஷம் என்று முதல் தடவை பார்த்தபோது சிரித்தேன். தில்லையின் குரலில் இன்று கேட்டேன். "நாலாவது மாடி." அவ்வளவுதான். பத்தொன்பது வயதும் அதில் இருக்கிறது, தொள்ளாயிரமும் இருக்கிறது. கிழடு எங்கே என்று தேடிப் பார்த்தேன். அடப்பாவி நாயகம் என்று வாய்விட்டே சொன்னேன். அழுதேன். உதடு எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஜெரால்டுக்குத் தகவல் அனுப்பினேன்.

நாலு நாள் இருக்கிறது. போன் செய்தால் எடுக்க மாட்டாள். கடிதம் எழுதலாம். எழுத உட்கார்ந்தால் வசனமாக வருகிறது.

மார்ச் 27, வியாழன்
காலையில் பார்க்க மறந்துவிட்டேன்

பத்தரைக்கு நாச்சியப்பன் சார் போன். "நாயகம், மத்தியானம் கும்பல் சத்தம் எடுக்கறோம். ஆம்பளைக் குரல் ரெண்டு குறையுது, வந்து சேரு."

எங்கள் ஊரில் இது ஒரு வழக்கம். படத்தில் போர், திருவிழா, கலவரம் என்று வந்தால் தனியாக ஆள் பிடிக்க மாட்டார்கள். ஹீரோவுக்குப் பேசியவர், ஹீரோயினுக்குப் பேசியவர், முதலாளி, டீ கொண்டுவருகிறவர், அன்றைக்குப் பில் வாங்க வந்தவர் எல்லாரும் மைக் முன்னால் நின்று கத்த வேண்டும். பத்துப் பேர் கத்துவதை நாலு தடவை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டால் நாற்பது பேர் ஆகிவிடும். அதற்குத் தாள் கிடையாது. வாய்க்கு வந்ததைக் கத்தலாம்.

"தில்லை இருக்கா சார்?"

"அது பேசி முடிச்சாச்சே. கண்டிஷன் பேசறதுக்குத்தான், கும்பலுக்கு இல்லைன்னு அதுகிட்டயே கேட்டுட்டேன். வாய்யா."

போனேன். ஏழாம் ரீல். எதிரிகள் மதிலை உடைத்துவிட்டார்கள், ஊர் எரிகிறது, ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஓடுகிறார்கள். ஸ்டூடியோவில் சகாயராஜ், நாச்சியப்பன் சார், இன்னும் சிலர். தில்லை ஓர் ஓரமாக பிளாஸ்கைத் திறந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள். அரக்கு நிறப் புடவை. கொஞ்சம் இளைத்திருக்கிறாள். என்னைப் பார்த்தாள். நாச்சியப்பன் சாரைப் பார்ப்பது போலவே பார்த்தாள்.

ஜெரால்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னான்: "சத்தம் பெருசா இருக்கறவங்க பின்னாடி போங்க. சின்னக் குரலெல்லாம் முன்னாடி வாங்க. நாயகம் சார், நீங்க முன்னாடி. தில்லைக்கா, நீங்களும். ரெண்டு பேரும் அந்த ஒரே மைக்கைப் பிடிச்சுக்கங்க."

பக்கத்தில் நின்றேன். நாலு மாதத்துக்குப் பிறகு. அவள் திரையைப் பார்த்தாள், நானும் திரையைப் பார்த்தேன்.

முதல் டேக். திரையில் மதில் சரிந்தது. எல்லாரும் கத்தினார்கள். சகாயராஜ், "ஓடுங்க, ஓடுங்க" என்றான். நாச்சியப்பன் சார், "ஐயோ என் மாடு" என்றார். நானும், "ஐயோ, எரியுதே" என்று ஆரம்பித்தேன். வாய் அதுவாகவே, "தில்லை, மன்னிச்சுரு! தில்லை!" என்று கத்திவிட்டது. அவள், "மதில் விழுந்திருச்சே! ஓடுங்க!" என்று அலறினாள்.

ஜெரால்டு சொன்னான்: "சூப்பர். யாரோ மன்னிச்சுருன்னாங்க பாருங்க, நல்லா இருக்கு. பேரு மட்டும் வேணாம் சார். சீனாவுல ஏது தில்லை?"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

இரண்டாவது டேக். மறுபடி அதே மதில். இந்தத் தடவை அவள்தான் முதலில் ஆரம்பித்தாள். திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், தீயைப் பார்த்து அலறுகிற அதே குரலில், "எதுக்கு மன்னிக்கணும்? என்ன பண்ணீங்க? சொல்லுங்க! ஐயோ, சொல்லுங்களேன்!" என்றாள்.

என்னைச் சுற்றி ஊரே கதறுகிறது. மெதுவாகச் சொன்னால் கேட்காது. கத்தினேன்: "உன் குரல்ல கிழடு தட்டிருச்சுன்னு சொன்னேன்! நான்தான் சொன்னேன்! பொத்தான் மேல ஃபைல் இருந்துச்சு! உனக்குக் கேட்டுச்சுன்னு எனக்குத் தெரியும்! தெரிஞ்சும் வாயைத் திறக்கலை!"

பின்னால் நாச்சியப்பன் சார், "ஐயோ என் மாடு, என் மாடு!" என்று கதறிக்கொண்டிருந்ததால் அவர் காதில் எதுவும் விழவில்லை.

மூன்றாவது டேக். "ஏன் சொன்னீங்க?" என்றாள். இந்தத் தடவை அலறவில்லை. கேட்டாள்.

"பொறாமை! எல்லாரும் உன் குரலாலதான் என் வசனம் நிக்குதுன்னு சொன்னாங்க! எனக்கு ஆகலை! பொய் தில்லை, அவ்வளவும் பொய்! எவ்வளவு பெரிய அயோக்கியன் நானு! எரியுதே, ஐயோ, எரியுதே!"

கடைசியில் 'எரியுதே' என்றதை நடிப்புக்காகச் சேர்த்தேன். என் குரல் உடைந்து கிறீச்சென்று போய்விட்டது. டேக் முடிந்தது.

"நாயகம் சார், என்னா ஃபீலு! நீங்க எழுதறதை விட்டுட்டு இதுக்கே வந்துரலாம்" என்றான் ஜெரால்டு. "தில்லைக்கா, மூணாவதுல உங்க சத்தமே வரலையே. தொண்டை சரியில்லையா? கடைசி ஒண்ணுதான், குடுத்துருங்க."

அவள் பிளாஸ்கிலிருந்து ஒரு வாய் வெந்நீர் குடித்தாள். மூடியில் கொஞ்சம் ஊற்றி, என் பக்கம் பார்க்காமலே நீட்டினாள். குடித்தேன். சூடு நாக்கைப் பொசுக்கிவிட்டது.

நாலாவது டேக். நான் கத்துவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. "ஐயோ, ஐயோ" என்று மட்டும் சொன்னேன். திரையில் ஒரு கிழவர் தள்ளுவண்டியோடு விழுந்தார். எல்லாச் சத்தத்துக்கும் மேலே தில்லையின் குரல் எழுந்தது:

"நான் போறேன்! ரெண்டு வருஷம்! வேணாம்னு யாரும் சொல்லாதீங்க! வீட்டுப் பூட்டை மாத்திராதீங்க! சாவி என்கிட்டதான் இருக்கு! பூட்டை மாத்திராதீங்க!"

மதில் முழுக்க விழுந்து, தூசி எழும்பி, படம் நின்றது.

"ஓகே. ரொம்ப நன்றி எல்லாருக்கும்" என்றான் ஜெரால்டு.

அவள் ஹெட்போனைக் கழற்றி மாட்டினாள், பிளாஸ்கை மூடினாள், கைப்பையை எடுத்தாள். நாச்சியப்பன் சாரிடம், "வரேன் சார்" என்றாள். வாசலில் ஆட்டோ நின்றது, ஏறிப் போய்விட்டாள்.

மார்ச் 29, சனி
140/88

பத்து நாற்பதுக்கு விமானம். விமான நிலையத்துக்குப் போகவில்லை. வேணாம்னு யாரும் சொல்லாதீங்க என்றாளே, போனால் சொல்லியிருப்பேன். மொட்டை மாடியில் துணி காயப்போட்டேன். பத்தேமுக்காலுக்கு மேல் நாலைந்து விமானம் போயிற்று. எது அவளுடையது என்று தெரியாததால் எல்லாவற்றையும் பார்த்தேன்.

ஏப்ரல் 9, புதன்
136/86

சிங்கப்பூரிலிருந்து குறைப் பட்டியல் வந்திருக்கிறது. மொத்தம் இருபத்திரண்டு குறை. ஒரு இடத்தில் சத்தம் கூடுதல், ஒரு இடத்தில் உதடு முந்துகிறது, போஸ்டரில் உள்ள டிராகன் படத்தில் எங்கே என்று ஒரு கேள்வி. அதற்கு நாச்சியப்பன் சார் பதில் சொல்லிக்கொள்ளட்டும். பத்தொன்பதாவது குறை இது:

'ஏழாம் ரீல், நகரம் வீழும் காட்சி. கூட்டத்தில் ஒரு பெண் பூட்டு, சாவி பற்றிப் பேசுவது தெளிவாகக் கேட்கிறது. மூலத்தில் இல்லை. நீக்கவும், அல்லது காரணம் தரவும்.'

ஜெரால்டு போன் செய்தான். "சார், அது நாலாவது டேக்குல தில்லைக்கா சொன்னது. அந்த டேக்கை மட்டும் எடுத்துடறேன், ரெண்டு நிமிஷ வேலை. கும்பலுக்கு மூணே போதும்."

"ஜெரால்டு, அதுல கை வெச்ச, கொன்னுருவேன்."

"சார்?"

"நான் காரணம் எழுதித் தர்றேன்ப்பா. நீ சும்மா இரு."

காலை முழுக்க உட்கார்ந்து எழுதினேன். இருபத்தாறு வருஷத்தில் எந்த வசனத்துக்கும் இவ்வளவு தாள் கிழித்ததில்லை. கடைசியில் அனுப்பியது:

'ஐயா, ஊர் எரியும்போது எல்லாரும் ஓடுங்கள் என்று மட்டும் கத்த மாட்டார்கள். வீட்டைப் பூட்டிவிட்டுத்தான் ஓடுவார்கள். அந்தக் காலத்திலும் வீடு இருந்தது, பூட்டும் இருந்தது. இந்தப் பெண் ஊரைவிட்டுப் போகிறாள். அவள் வீட்டுக்காரன் அவளுக்குப் பெரிய கெடுதல் செய்திருக்கிறான், அதை அவள் மறக்கவில்லை. ஆனாலும் சாவியைத் தூக்கி எறியாமல் கையோடு கொண்டுபோகிறாள். இந்த வரியை நான் எழுதவில்லை. பேசியவர் தாமாகச் சொன்னது. இதைவிட நல்லதாக எழுத எனக்கு வராது. தயவுசெய்து அப்படியே இருக்கட்டும்.'

நாலு மணிக்குப் பதில் வந்தது. பத்தொன்பதாம் எண்ணுக்கு எதிரே ஒரே ஒரு சொல்: 'ஏற்கப்பட்டது.'